பென்சிலில் இரண்டு வரி

செவ்வாய்க்கிழமை. சந்தைக்கு வந்த ஆடுகள்
பாளையங்கால்வாய்ப் பாலம் வரைக்கும் கத்துகின்றன.
மாடியில் என் கடை: அரபு – தமிழ், பக்கம் முந்நூறு.
சம்பளச் சீட்டு, லேபர் கோர்ட்டுத் தீர்ப்பு,
ஒருவருடைய மவுத்துச் சான்றிதழ்,
இன்னொருவருடைய மவுத்துச் சான்றிதழ்.

வேலை வராத மத்தியானங்களில்
ஃபவ்வாஸ் அல்-ரிமாஹியைத் தமிழாக்குகிறேன்.
யாரும் கேட்கவில்லை.
பேரீச்சைத் தரகரின் மகன்.
ஏழு நகரங்களில் தன் தேசத்துக்காகக் கைகுலுக்கியவர்.
நடுவில் மூன்று வருஷம் பம்பாய்;
எந்தக் கவிதையிலும் பம்பாய் இல்லை.
விருந்துகளில் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்ததை
ஒரு நீள்கவிதை முழுக்கப் புலம்பியிருக்கிறார்.
இன்னொன்றில்
விசா மறுக்கப்பட்ட பெண்ணின் செருப்புச் சத்தம்
படியிறங்கி, தெருவைக் கடந்து
அவர் சோற்றுத் தட்டு வரை வருகிறது.
அதை எழுதியதற்குத்தான் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.
பிறகு வாடகை அறை, சர்க்கரை வியாதி,
வேறொரு நாட்டின் மண்.
போன ரமலானில் போய்ச்சேர்ந்தார்.
இந்த ஊரில் துக்கம் கேட்க எனக்கு ஆளில்லை.

நாலு மாதமாக ஒரு சொல்லில் நிற்கிறேன்.
கடைசிக் கவிதையின் கடைசிச் சொல்: கத்ம்.
முத்திரை என்றும் பொருள், முடிவு என்றும் பொருள்.
இரண்டையும் சேர்த்துக் குத்திவிட்டுப் போய்விட்டார் மனிதர்.
முத்திரை என்று எழுதினால் தபாலாபீஸ் வாடை.
முடிவு என்றால் சினிமா.

மைதீன் பாத்து வந்தது அன்றைக்குத்தான்.
விரலிடுக்கில் பீடித்தூள்.
பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் ஒரு காகிதம்.
மருமகன் பழைய பத்திரங்களை ஒதுக்குகிறானாம்,
வேணுமா வேண்டாமா என்று கேட்டுவரச் சொன்னானாம்.

எண்பத்தேழாம் வருஷத்து அதிகாரப் பத்திரம்.
சாரத்திலிருந்து விழுந்த கணவனின்
பதினொரு மாதக் கூலியை வாங்க.
பம்பாய்த் துணைத் தூதரக முத்திரை.
மேலே கையெழுத்து.
அந்த 'ரா'வின் வாலை
புத்தக அட்டையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

கீழே, பென்சிலில் இரண்டு வரி.

"அந்தப் பென்சிலப் பாத்துதான் அனுப்பாம வச்சிட்டேன்.
தள்ளுபடின்னு எழுதியிருக்கும்னு நெனச்சேன்,
பேனாவுல எழுதலைல்லா.
ஆலிம்சாகிட்டக் காட்ட வெக்கம்.
மாப்பிள மவுத்தான ஈரம் காயல,
காசுக்கு அலையுதாம்பாவ."

கவிதையை எதிர்பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன்.
ஏதாவது முதல் கிறுக்கல், பின்னால் வரப்போகும் ஒரு படிமம்.

இருந்தது இதுதான்:
'சகோதரரே, இந்தப் பெண்ணை வரிசையில் நிறுத்தாதீர்கள்.
முதலாளி மறுத்தால் எனக்கு எழுதுங்கள், நான் பேசுகிறேன்.'

அவசர அரபு.
ஓர் எழுத்துக்குப் புள்ளிகூட விட்டுப்போயிருந்தது.

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
ஒண்ணுமில்ல, தேதிதான் என்று ஒரு பொய்;
பக்கத்துக்கு முந்நூறு வாங்கும் வாய்க்கு அது பாரமில்லை.
சொல்லிவிட்டேன்.

ஃபேன் சுற்றியது.
கீழே ஒரு கிடாவுக்கு விலை வைத்தார்கள், குறைத்தார்கள்,
துண்டுக்கடியில் விரல் பிடித்தார்கள்.

"வரிசையில நிறுத்தாதீயன்னா எழுதிருக்காரு?"
இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.
மூன்றாம் தடவை அவர் உதடும் அசைந்தது,
அரபு எது தமிழ் எது என்று பாராமல்.

"அந்த மனுசன் இருக்காரா?"
"மவுத்தாயிட்டார்."
"புள்ள குட்டி?"
"யாருமில்ல."
"அப்பம் நாமதான் ஒரு கத்தம் ஓதணும்.
வெள்ளிக்கிழமை வாளா.
நெய்ச்சோறு ஆக்க எனக்குத் தெம்பில்ல,
பழம் வாங்கிக்கிடலாம்."

முந்நூறை மேசையில் வைத்தார். தள்ளினேன்.
"வாசிச்ச கூலி. எடுத்துக்கோ.
கூலிய விடக்கூடாது."

பைக்குள் பை, அதற்குள் பை.
"மருமவன்ட்ட, வேணும்னு சொல்லிருதேன்."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போன பிறகு
நோட்டை எடுத்துக் கடைசி வரியில் எழுதினேன்:
கத்தம்.

ஆற்றுக்கு அந்தப்புறம் இதற்கு அடிக்குறிப்பு வேண்டியிருக்கும்.
மேலப்பாளையத்துக்கு வேண்டாம்.